மாமா பதில்கள்: குலமா, பிரம்பா?

வாழ்க்கையில் ஜெயிப்பது பிறவியில் வருவதா, வளர்ப்பில் வருவதா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
*- அவசரக்காரர், அரக்கோணம்*

ஆமாம்.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா, மாமா?
*- பழமொழிப் பிரியர், பழனி*

2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு பூனையை குளோனிங் செய்தார்கள். செல் கொடுத்த பூனை மூன்று வண்ணம். அதே மரபணுவோடு பிறந்த குட்டிக்கு ஆரஞ்சை மட்டும் காணோம். பூனைக்கே பூனை சரியாக வந்து சேரவில்லை. புலிக் கணக்கை அப்புறம் பார்ப்போம்.

இந்தச் சண்டையை மூட்டிவிட்ட புண்ணியவான் யார்?
*- கல்லூரி மாணவி, காரைக்குடி*

பிரான்சிஸ் கால்டன். மேதைமை என்பது பரம்பரைச் சொத்து என்று 1869-ல் ஒரு புத்தகமே போட்டார். இவரும் சார்லஸ் டார்வினும் ஒரே தாத்தாவின் பேரன்கள். அப்பா பாங்க் நடத்தியவர். அவர் காலமாகி ஆஸ்தி கைக்கு வந்ததும், கால்டன் மருத்துவப் படிப்பை மூட்டை கட்டிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். பரம்பரையின் அருமை அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

என் பையன் நல்ல மார்க் வாங்கினால் மாமியார் "எங்க வம்சம்" என்கிறார். குறைந்தால் "உன் வளர்ப்பு" என்கிறார். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?
*- மருமகள், மன்னார்குடி*

விஞ்ஞானம் அந்த வீட்டுப் பக்கம் வர பயப்படுகிறது, அம்மா.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது சரிதானே?
*- ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் லூயிஸ் டெர்மனும் அப்படித்தான் நம்பினார், சார். 1921-ல் தொடங்கி, கலிஃபோர்னியாப் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. பரீட்சை வைத்து சுமார் 1,500 முளைகளைப் பொறுக்கினார். ஆயுசு முழுக்கப் பின்தொடர்ந்தார். பலர் நன்றாகவே சம்பாதித்தார்கள். நோபல் மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மதிப்பெண் போதாது என்று கழித்துக் கட்டியவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்று இரண்டு பேர். இருவருக்கும் நோபல்!

கூத்து இன்னும் முடியவில்லை. அந்த ஷாக்லியே பிற்காலத்தில், அறிவெல்லாம் பிறவியில் வருவதுதான் என்று மேடை மேடையாகப் பேசிக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார். பரீட்சையில் கோட்டை விட்டவருக்குப் பரீட்சை மேல் அத்தனை பக்தி.

கணித மேதை ராமானுஜன் பிறவி மேதைதானே? அவருக்கு யார் டியூஷன் எடுத்தார்கள்?
*- கணக்கில் வீக், கும்பகோணம்*

உங்கள் ஊர்க்காரரைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் தெரிந்ததையெல்லாம் சின்ன வயதிலேயே கறந்துவிட்டு, லோனியின் முக்கோணவியல் புத்தகத்தையும் வாங்கிப் படித்து முடித்தார். அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது வளர்ப்பு. அதைப் பால்கோவா மாதிரி தின்று தீர்த்தது பிறவி.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். எஃப்.ஏ. பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோல்வி. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா உத்தியோகம். இங்கிலாந்தின் பெரிய தலைகளுக்குக் கடிதம் போட்டார், உபயோகமில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குப் போட்டது மட்டும் பலித்தது. 1918-ல் எஃப்.ஆர்.எஸ்., அதாவது ராயல் சொசைட்டி உறுப்பினர். எல்லா உறையிலும் இருந்தது ஒரே மூளைதான். விலாசம்தான் வேறு.

"அவனுக்கு ரத்தத்திலேயே ஊறியது" என்கிறார்களே, நிஜமாகவா?
*- சந்தேகப் பேர்வழி, சாத்தூர்*

ஒருவருக்கு நிஜம். ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டா. பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம், அதனால் ரத்தத்தில் சிவப்பணு எக்கச்சக்கம், ஆக்சிஜன் தாராளம். 1964 இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் இரண்டு தனிநபர் தங்கம். அதே ரத்தத்தோடு பரமக்குடியில் பிறந்திருந்தால், ரத்த தான முகாமில் மட்டும் பிரபலமாகியிருப்பார்.

மகனை செஸ் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். கிராண்ட்மாஸ்டர் ஆக்கிவிடலாமா?
*- தந்தை, மடிப்பாக்கம்*

ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் என்ற தந்தை, மேதைகளை உருவாக்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டாத குறையாக, மூன்று மகள்களையும் வீட்டிலேயே வைத்து செஸ் சொல்லிக் கொடுத்தார். கடைக்குட்டி ஜூடித் 1991-ல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர். மிக இள வயது கிராண்ட்மாஸ்டர் என்ற பாபி ஃபிஷரின் சாதனை காலி. 2002-ல் செஸ் ஜாம்பவான் காஸ்பரோவையும் சாய்த்தார். வளர்ப்புக்கு வெற்றியா? மூன்று பேருக்கும் அப்பா அம்மா ஒன்றுதானே, ஐயா! எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்றையும் சேர்த்து வளர்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நம்ம குகேஷின் அப்பா காது, மூக்கு, தொண்டை டாக்டர். (பெயர் ரஜினிகாந்த். இதை மரபணுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) பையனோடு போட்டி போட்டியாக அலைய, தன் தொழிலை ஓரங்கட்டினார். 2024 டிசம்பரில் 18 வயதுப் பையன் உலக சாம்பியன். மகன் என்ன ஆவான் என்று கேட்டீர்கள். நீங்கள் எதை விடப்போகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் மேதையாகலாமாமே?
*- தன்னம்பிக்கைப் பேச்சாளர், தஞ்சை*

பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து உளவியலாளர் எரிக்சன் குழு 1993-ல் சொன்னது ஒரு சராசரிக் கணக்கு. எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008-ல் அதைச் சூத்திரமாக்கிவிட்டார். நானும் குளியலறையில் அதற்கு மேலேயே பாடியிருப்பேன். பக்கத்து வீட்டில் விசாரிக்கவும்.

பிராட்மன் மகன் ஏன் இன்னொரு பிராட்மன் ஆகவில்லை?
*- கிரிக்கெட் பைத்தியம், சேப்பாக்கம்*

அப்பா சின்ன வயதில் கையில் ஸ்டம்பை வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை அடித்து அடித்துப் பழகியவர். டெஸ்ட் சராசரி 99.94. மகன் ஜான் 1972-ல் தன் பெயரையே 'பிராட்சன்' என்று மாற்றிக்கொண்டார். ஜீனைச் சுமந்துவிடலாம், தம்பி. இனிஷியல்தான் கனம்.

சரி, பிறவி எத்தனை சதவீதம், வளர்ப்பு எத்தனை சதவீதம்?
*- ஆடிட்டர், ஈரோடு*

பீனைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய். வாய் சுளுக்கினால் நான் பொறுப்பல்ல. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். கவனிக்காவிட்டால் குழந்தையின் மூளை பாதிக்கும். பிறந்த சில நாளில் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, புரதத்தை அளந்து ஊட்டினால் பிள்ளை மற்றவர்களைப் போல வளரும். நோய் முழுக்கப் பரம்பரை, வைத்தியம் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில். நீங்களே பேலன்ஸ் ஷீட் போட்டு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் அறிவு பிறவியா, வளர்ப்பா, மாமா?
*- விஷமி, விருதுநகர்*

பழைய பேப்பர் கடை. அடுத்த வாரம் 'விதியா, மதியா' என்று கேட்கப் போகிறவர்கள் இப்போதே சொல்லிவிடவும். நான் ஊரில் இருக்க மாட்டேன்.