யூரியா மூட்டையும் என் மச்சானும்

முகையூரில் வேகமாகக் குறைந்து, குறைந்தது குறைந்தபடியே நின்றுவிட்டவை என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று, முகையூர் சட்டமன்றத் தொகுதி. 2006 தேர்தல் வரைக்கும் இருந்தது. தொகுதி மறுசீரமைப்பு என்றார்கள். 2011இல் ஓட்டுப் போடப் போனால் நாங்கள் திருக்கோவிலூர்த் தொகுதிக்காரர்கள். இன்னொன்று, மாவட்டம். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டத்துக்கு இருந்த உடம்பு என்ன, 2019இல் கள்ளக்குறிச்சி கழன்ற பிறகு இருக்கிற உடம்பு என்ன! திருக்கோவிலூர் ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது எங்கள் தொகுதியின் பெயர் ஒரு மாவட்டத்திலும் நாங்கள் வேறொரு மாவட்டத்திலும் இருக்கிறோம்.

இந்தப் பட்டியலில் மூன்றாவதாகச் சேரப் புறப்பட்டவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. உரக்கடை வைத்திருக்கிறான். மூட்டை நிறுக்கும் தராசு கடையிலேயே இருப்பதால் அவன் எடை ஊருக்கே தெரியும். 98 கிலோ. “ரெண்டு மூட்ட யூரியா, மேல எட்டுக் கிலோ” என்று கடைப் பையன் கணக்குச் சொல்வான். தீபாவளி முடிந்த கையோடு மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. “மாமா, யூரியா மூட்டையே 2018ல அம்பது கிலோவுலேர்ந்து நாப்பத்தஞ்சு ஆயிடுச்சி. நான் ஆவ மாட்டனா?” என்றான். மூட்டைக்கு மத்திய அரசின் உத்தரவு இருந்தது. இவனுக்கு இருந்ததெல்லாம், சிறுசேரியில் வேலை பார்க்கும் மகன் போனில் ஏற்றிக் கொடுத்த ஒரு ஆப். நாளொன்றுக்கு 800 கலோரி என்று அது தீர்ப்புச் சொல்லிவிட்டது.

படி, ஆழாக்கு, பிடி என்று அளந்து பழகிய வீட்டுக்குள் கலோரி நுழைந்தது. ஒரு பிடி மல்லாட்டையில் 170 கலோரி என்று அவன் படித்துச் சொன்னதும், அவன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, கேட்டாள்: “யாரு கைப்பிடி? உங்க கையா, புள்ள கையா?” ஆப்பில் அதற்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு பிடியை நம்பாமல், கடையில் காய்கறி விதை நிறுக்கும் சின்னத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஒரு இட்லி 39 கிராம் காட்டியது, பக்கத்து இட்லி 52. ஒரே தட்டில் வெந்ததற்குள் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று மனைவியை விசாரித்தான். “நாளைலேர்ந்து நீங்களே ஊத்துங்க” என்றாள். இட்லி விசாரணை அத்தோடு முடிந்தது.

முதல் வாரத்திலேயே நாலு கிலோ இறங்கியது. கடையில் லட்டு கொடுத்தான், தான் சாப்பிடாமல். அவனிடம் நான் சொல்லாமல் விட்டது இது: உடம்பு அவசரத்துக்கென்று கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் போவது அந்தச் சரக்கும் தண்ணீரும். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறக்குறைய 7,700 கலோரி பாக்கி வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் நாலு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் மச்சான் முகையூருக்கும் விழுப்புரத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அவன் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

கார்த்திகை பிறந்தபோது கன்னம் ஒட்டிவிட்டது. ஊர் பேச ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆனாலும் நம் ஊரில் ஒருவன் பருத்தால் யாரும் பதறுவதில்லை; இளைத்தால்தான் துக்கம் விசாரிக்க வருவார்கள். சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள் சிலர். கல்யாணக் கடன் என்றார்கள் சிலர். மாதா கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்து, ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். உரக்கடைக்காரர் ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்று யாரோ கிளப்பிவிட, கடனுக்கு உரம் வாங்கியவர்கள் பாக்கியைக் கட்ட அவசரப்படவில்லை. பட்டினியால் வந்த நேரடி நஷ்டம் என்று மச்சான் இன்றைக்கும் சொல்வது இதைத்தான்.

என் மனைவி வேறு விதமாகப் பயந்தாள். தம்பி ராத்திரியில் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தகவல் வந்திருந்தது. போய்ப் பார்த்தால், பள்ளிபாளையம் சிக்கன் செய்யும் வீடியோ. அடுத்தது ஆம்பூர் பிரியாணி. பட்டினி கிடப்பவனுக்கு இந்தப் பித்து புதிதில்லை. 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை ஒப்புதலோடு அரைப்பட்டினி போட்டார். 24 வாரம், நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. அவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. 1,570க்கே அந்தக் கதி என்றால் 800க்கு ஆம்பூர் பிரியாணி வீடியோ ரொம்ப அடக்கமான பித்து.

தை அஞ்சு, ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணை மணலில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கின்றன. சுருளிக்கிழங்கு குவித்துப் போட்டு விற்கிறார்கள், கரும்புச்சாறு இயந்திரம் சலங்கை கட்டிச் சுற்றுகிறது, மிளகாய் பஜ்ஜி வாசனை அக்கரைக்குப் போகிறது. மச்சான் டிபன் பாக்ஸைத் திறந்து அவித்த முட்டையின் வெள்ளையை மட்டும் எடுத்தான். மஞ்சள் கருவைப் பக்கத்திலிருந்த சின்னப் பையனிடம் கொடுத்தபோது மச்சானின் கை சற்றுத் தயங்கியதை நான் பார்த்தேன். உற்சவர் புறப்பட்டபோது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மச்சான் பஜ்ஜிக் கடையைப் பார்த்தபடி போட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டு. உரம் வாங்க வந்தவர் ஓடிப்போய் சோடாக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து எழுப்பினார். வருஷக்கணக்காக அவனுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. சோற்றை நிறுத்தினானே தவிர மாத்திரையை மாற்றுவது பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா, “மாத்திரை பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும், இறக்க உள்ள சரக்கு இருக்கணுமில்ல?” என்றார். இங்கே சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதங்கள் 850 கலோரி அளவில் திரவ உணவே கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நின்றது. ஆக, மச்சான் பிடித்த முயலுக்குக் காலே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்தி, மருத்துவத் துணையோடு நடத்தினார்கள். இங்கே கூடவே இருந்தது கடைப் பையன்.

பட்டினியில் எங்கள் மாவட்டத்துக்குப் பழைய பெயர் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை. சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு. அந்தப் பெரியவரின் நோன்பை நம் தொப்பைக் கவலையோடு சேர்த்துப் பேசுவதே பாவம். ஒன்று மட்டும் சொல்லலாம்: அவர் திரும்பி வருவதாக இல்லை. மச்சான் தை மாசக் கல்யாணம் முடிந்து திரும்பி வர வேண்டியவன்.

திரும்பியும் வந்தான். கல்யாணத்தன்று 82 கிலோ. மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அப்பா எங்கே என்று அவனிடமே கேட்டார்கள். அப்புறம் மறுவீடு, சம்பந்தி விருந்து, மூன்று சித்தப்பாக்கள் வீட்டில் தனித்தனி விருந்து. எதை மறுப்பது? இலையில் வைத்ததை ஒதுக்கினால் அங்கே கணக்கில் வருவது கலோரி இல்லை, மரியாதை. ஆடியில் கூழ் ஊற்றி முடிந்தபோது தராசு 95 காட்டியது.

அவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் எடை குறைப்பதையே போட்டியாக்கி டிவியில் காட்டினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. இழந்ததில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. மூன்று பிடி மல்லாட்டை, தினமும், யாரும் தின்னாமலே மிச்சம். வேகம்தான் குற்றவாளி என்றும் தீர்த்துவிட முடியாது. மெல்பர்னில் 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரத்திலும் மறு பாதிக்கு 36 வாரத்திலும் எடை குறைக்கப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவு: வேகமாகப் போனவர்களே அதிகம் பேர் இலக்கைத் தொட்டார்கள். மூன்று வருஷத்தில் இரு தரப்புக்கும், குறைந்ததில் 71 சதவீதம் திரும்பியது. ஆமைக்கும் முயலுக்கும் ஒரே பஸ்ஸில் திரும்பும் பயணம்.

எண்ணூறு கலோரியில் ஒருவன் சில மாதம் இருந்துவிடலாம், குடியிருக்க முடியாது. குடியிருக்கிற இடம் மனைவியும் அக்காவும் சம்பந்தியும் கரண்டியோடு நிற்கும் இடமாயிற்றே. மச்சானுக்கு இதெல்லாம் யாரும் விளக்கவில்லை; தங்கச்சி தானாகச் சாதக்கரண்டியை மாற்றிவிட்டாள். அவன் ராத்திரிச் சோற்றைக் கேழ்வரகுத் தோசையாக்கிக்கொண்டான்; விடியற்காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறான், ஆடு மேய்ப்பவர்கள்கூடக் கவனிக்காத வேகத்தில். தராசு 92க்கு வந்திருக்கிறது. ஊருக்குத் தெரியாது. தெரியாததால் மெழுகுவத்தி இல்லை, கடன் பாக்கியும் ஒழுங்காக வருகிறது.

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். என் மனைவி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இப்பதான்டா தம்பி கொஞ்சம் பூசினாப்ல, பாக்க லட்சணமா இருக்க” என்றாள். மூன்று கிலோ குறைந்திருந்த மச்சான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னொரு கரண்டி விழும்.