எட்டிப் பார்த்த ஜவுளிக்காரர்

ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் அந்தோனி வான் லேவன்ஹுக் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். 1632-ல் பிறந்தவர். லத்தீன் தெரியாது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் லத்தீன் தெரியாதவர் விஞ்ஞானம் பேச வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் மனுஷருக்கு ஒரு வியாதி. எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஜவுளிக்காரர்கள் துணியின் இழையை எண்ண லென்ஸ் வைத்திருப்பது வழக்கம்தான். இழையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நாலு காசு சேர்த்து நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். இவரோ பேன், தேனீக் கொடுக்கு, பூஞ்சணம் என்று இறங்கி, 1673 முதல் லண்டனின் விஞ்ஞானச் சங்கமான ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியில் கடிதம் போட ஆரம்பித்தார்.

லண்டனில் ஏற்கெனவே ஒரு மைக்ராஸ்கோப் நிபுணர் இருந்தார், ராபர்ட் ஹூக். 1665-ல் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற புத்தகத்தில் தெள்ளுப்பூச்சியை மடித்த தாளைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அச்சிட்டு ஊரையே மிரட்டியவர். அந்தக் காலத்து டைரிக்காரர் சாமுவேல் பீப்ஸ் ராத்திரி இரண்டு மணி வரை அதைப் படித்ததாக டைரியில் எழுதி வைத்திருக்கிறார். ஹூக்கின் கருவி பார்க்கவே கம்பீரம்: நீளக் குழல், அலங்கார வேலைப்பாடு, ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ். கோளாறும் அங்கேதான். முதல் லென்ஸ் செய்த தப்பை அடுத்த லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். உருவத்தின் ஓரமெல்லாம் வானவில் வழியும்.

ஜவுளிக்காரரின் கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு உலோகத் தகடு, நடுவே துளியூண்டு கண்ணாடி மணி, அதன் எதிரே ஓர் ஊசி. பார்க்க வேண்டியதை ஊசியில் ஒட்டவைத்து, திருகாணியால் முன்னே பின்னே நகர்த்தி, கருவியைக் கண்ணிமையில் உரசுகிறாற்போல் பிடித்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மணி சிறுக்கச் சிறுக்க அதன் வளைவு கூடும். வளைவு கூடினால் உருவம் பெரிதாகத் தெரியும். அவர் செய்தவற்றில் உத்ரெக்ட் மியூசியத்தில் இருப்பது சுமார் 270 மடங்கு பெரிதாக்குகிறது.

இந்தக் கருவி கையிலிருந்தவருக்கு ஒரு சந்தேகம்: மிளகு ஏன் காரமாக இருக்கிறது? நம் வீடுகளில் கேட்டிருந்தால் “பேசாமல் ரசத்தைக் குடி” என்று முடிந்திருக்கும். மிளகில் கண்ணுக்குத் தெரியாத முள் இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்று இவருக்கு யோசனை. தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பார்த்தார். முள்ளைக் காணோம். குட்டிக் குட்டிப் பிராணிகள் நீந்திக்கொண்டிருந்தன. மனித குலம் பாக்டீரியாவை முதன்முதலாகச் சந்தித்தது 1676-ல், ஊசிப்போன மிளகுத் தண்ணீரில்.

இதையும் கடிதத்தில் எழுதிப் போட்டார். லண்டன் நம்பவில்லை. அவர் விடுவாரா? பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரைக் கூட்டிவந்து காட்டி, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ஹூக்கே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு முடிந்தது.

அதே ஆண்டில் விந்தணுவையும் பார்த்தார். மாதிரி சொந்தச் சரக்கு. பாவ காரியம் எதுவுமில்லை, தாம்பத்தியத்தின் மிச்சம்தான் என்று கடிதத்திலேயே தன்னிலை விளக்கம் வேறு! விஞ்ஞானக் கட்டுரைகளில் இவ்வளவு நேர்மையான ‘செய்முறை’ப் பகுதியை நான் படித்ததில்லை. 1683-ல் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்து, நெதர்லாந்தின் ஜனத்தொகையைவிடத் தன் வாயில் குடித்தனம் அதிகம் என்று எழுதினார். ஜென்மத்தில் பல் விளக்காத ஒரு கிழவரையும் தேடிப் பிடித்தார். அங்கே கூட்டம் இன்னும் ஜாஸ்தி. பேன் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அறிய, காலுறைக்குள் பேனை விட்டுச் சில நாள் அப்படியே நடமாடினார். அந்த வீட்டு அம்மாள் என்ன சொன்னார் என்பது எந்தக் கடிதத்திலும் இல்லை.

1698-ல் ரஷ்யாவின் பீட்டர் சக்கரவர்த்தியே அவரை வரவழைத்துக் கருவியைப் பார்த்தார். அப்படியும் லென்ஸ் செய்யும் ரகசியத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. நாலு பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று தத்துவஞானி லைப்னிட்ஸ் கேட்டுப் பார்த்தார். ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் எல்லோருக்கும் அடிமையாக வேண்டும் என்று மறுத்துவிட்டார். 1723-ல், தொண்ணூறு வயதில், போகும்போது 26 வெள்ளி மைக்ராஸ்கோப்புகளை ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். பரம ஞானிகள் அத்தனையையும் தொலைத்துவிட்டார்கள்.

ரகசியம் உடைந்தது 2021-ல். ஆராய்ச்சியாளர்கள் உத்ரெக்ட் கருவியைப் பிரிக்காமல், நியூட்ரான் கதிர் பாய்ச்சி உள்ளே பார்த்தார்கள். அந்தச் சோதனை நடந்ததும் டெல்ஃப்டில்தான். இருந்தது தேய்த்த லென்ஸ் இல்லை. தீயில் உருக்கிய கண்ணாடி உருண்டை, பின்னால் முறிந்த சிறு காம்போடு. ஏறக்குறைய இதே செய்முறையை 1665-லேயே ஊரறிய அச்சிட்டவர் ஹூக். கண்ணுக்கு ரொம்பச் சிரமம் என்று அவரே அதை ஒதுக்கியும் விட்டார். அச்சிட்ட இடம் ‘மைக்ரோகிராஃபியா’வின் முன்னுரை. லண்டன்காரர்கள் அதைத் தாண்டி நேரே தெள்ளுப்பூச்சிப் படத்துக்குப் போயிருக்க வேண்டும்.