கமர்கட்டு சார்

சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எங்கே புது அடுக்குமாடி எழுந்தாலும் முதலில் போர் போடுவார்கள். தண்ணீர் வரும், அல்லது வராது. அடுத்து அசோசியேஷன் ஆரம்பிப்பார்கள். சண்டை கண்டிப்பாக வரும். மூன்றாவதாகக் கமர்கட்டு சார் குடிவந்துவிடுவார். பிளாக்குக்கு ஒருவர் வீதம் உண்டு.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் வேலை. சொந்த ஊர் தெற்கே எங்கேயோ. ஊரிலிருந்து வந்த ரயிலோ பஸ்ஸோ முதலில் இறக்கிவிட்ட இடத்திலேயே வீடு பார்த்துக்கொண்ட தலைமுறை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6-க்கு மேல், 7-க்குக் கொஞ்சம் கீழ். கடைவாயில் ரூட் கேனல் செய்து கேப் மாட்டிய பல் ஒன்று. ஆகவே மிட்டாய் தின்ன வழியில்லை. பேசத் தடையில்லை.

"இப்ப விக்கிறதெல்லாம் மிட்டாயா சார்?" என்பதுதான் அவருடைய குட்மார்னிங். லிஃப்டில் மாட்டினீர்களானால், மூன்றாவது மாடி வருவதற்குள் தேன் மிட்டாயை முடித்துவிட்டு ஜவ்வு மிட்டாய்க்கு வந்திருப்பார். மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மை, அதற்குக் கீழே சுற்றிவைத்த ரோஸ் கலர் ஜவ்வு, அதை இழுத்து முறுக்கி மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடும் மிட்டாய்க்காரர், கடைசியில் போனால் போகிறதென்று கன்னத்தில் ஒட்டிவிடும் ஒரு துளி. "அந்தத் துளிக்குக் காசு கிடையாது சார்!" என்று சொல்லும்போது அவர் விரல் தானாகக் கன்னத்துக்குப் போகும். கதவு திறந்தாலும் இறங்கமாட்டார். ஒரு காலை வெளியே வைத்து லிஃப்டை நிறுத்தி எலந்த வடையைத் தொடங்குவார். மேலே காத்திருப்பவர்கள் தட்டுகிற தட்டு அவர் காதில் விழாது.

இவர்களில் ஊர்வாரியாகப் பிரிவுகள் உண்டு. கோவில்பட்டிக்காரரானால் கடலை மிட்டாய். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தனக்கு வந்த பத்மஸ்ரீயாகவே எடுத்துக்கொண்டு, கரிசல் மண்ணையும் தாமிரபரணித் தண்ணீரையும் பற்றி ஏற்புரை வழங்குவார். கடலூர்ப் பக்கமென்றால் நெல்லிக்குப்பம், பாரி கம்பெனி, லாக்டோ கிங், காஃபி பைட். 2004-ல் அந்தக் கம்பெனியைக் கொரியாக்காரர்களின் லோட்டே வாங்கியதை இவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேயே ஹூண்டாய் காரில் ஜிஎஸ்டி சாலையில் தினமும் போய்வருகிறார்.

அவருடைய பெரிய துக்கம் சில்லறை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. சார், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், விளிம்பு நெளிநெளியாக இருக்கும் 10 பைசா ஒன்றைப் பேரம் பேசி 30 ரூபாய்க்கு வாங்கி பர்ஸில் வைத்திருக்கிறார். "இதுக்கு அன்னைக்கு என்னெல்லாம் வாங்கலாம் தெரியுமா?" என்று காட்டுவார். அந்த 30 ரூபாய்க்கு இன்றைக்கு என்ன வாங்கலாம் என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டதோடு சரி.

சிகரெட் மிட்டாய் விஷயம் கொஞ்சம் விபரீதமானது. நுனியில் சிவப்பு வைத்த அந்த வெள்ளைக் குச்சியை எப்படிப் பிடிக்க வேண்டுமென்று பால்கனியில் நின்று பக்கத்து வீட்டுப் பையனுக்குச் செய்துகாட்டியிருக்கிறார். எதிர் பிளாக்கிலிருந்து யாரோ படமெடுத்து அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். செயலாளருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார், ஒரு பாக்கெட் மிட்டாயை ஆதாரமாக இணைத்து.

கேம்ப் ரோடு பக்கம் '90ஸ் கிட்ஸ் மிட்டாய்' என்று போர்டு போட்ட கடையில் இவரைப் பார்க்க வேண்டும். ஆறாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார். வாரிசுக்குக் காட்ட வேண்டுமல்லவா? பாட்டில் பாட்டிலாகத் தொட்டுக் கும்பிடாத குறை. கமர்கட்டைப் பார்த்ததும் பாடம் தொடங்கும். "வெல்லப் பாகைத் தண்ணில விட்டு உருட்டித் தட்டுல போட்டா 'டங்'குன்னு கேக்கணும்மா. அப்பதான் தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கிளறணும். அது சரியான பதம்."

"அப்பா, எனக்கு அந்த ஜவ்வு மிட்டாய்."

"அது வேணாம். என்ன கலர் போட்டிருக்கானோ. 2024-ல பஞ்சு மிட்டாய்ல ரோடமின் பி இருக்குன்னு கவர்ன்மென்ட்டே தடை போட்டாங்க."

"அப்ப தேன் மிட்டாய்?"

"திறந்து வெச்சிருக்காங்க பாரு. ஈ மொய்க்கும்."

"உங்களுக்கு மொய்க்கலையா?"

கடைக்காரர் இந்த வசனங்களையெல்லாம் கேட்டுச் சலித்தவர். "சார், சீல் போட்டது வேணும்னா உள்ள இருக்கு, எக்ஸ்பைரி டேட்டோட" என்றார். மகளுக்கு ஒரு டெய்ரி மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, பாட்டில்களின் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் சார். அவருக்கு வேண்டியது மிட்டாய் இல்லை என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான். சீனியாரிட்டிதான் வேண்டும். இந்த ஆராய்ச்சியில் எவன் குறைந்த விலைக்கு வாங்கித் தின்றானோ அவனே பெரியவன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் பார்க்கிங்கில் நிரூபணமானது. சார் ஆன்லைனில் 499 ரூபாய்க்கு ஒரு 'மலரும் நினைவுகள்' பெட்டி வரவழைத்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். தேன் மிட்டாயை எடுத்த ஒரு ஐடி பையன், "நான் ஒரு ரூபாய்க்கு ரெண்டு வாங்கியிருக்கேன்" என்று தெரியாமல் சொல்லிவிட்டான். சார் கருணையோடு சிரித்தார். "25 பைசா. நான்."

"10 பைசா" என்றார் பேங்க்கில் ரிட்டையரானவர்.

"5 பைசா. சதுரமா இருக்குமே, அந்தக் காசு" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

கீழே இறங்க இறங்கக் குரல்கள் மேலே ஏறின. கடைசியில் ரயில்வேயில் இருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "நயா பைசா வந்ததே 1957 ஏப்ரல்லதான். அதுக்கு முன்னாடி நான் காலணாவுக்கு வாங்கினவன்." சபை அடங்கியது. சார் முகத்தில் முதல் முறையாக ஒரு ஜூனியர் களை.

பி பிளாக் ஆச்சிக்கு வயது தொண்ணூறு. உடன்குடிப் பக்கம். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் இருந்தவர், "காசா? காசை யாருல கண்டா?" என்றார். "வெளையில பதனி காய்ச்சுவாவ. கருப்பட்டி ஊத்தினதும் அடிச்சட்டிய வழிச்சுத் திம்போம். அதுக்கு மேல என்ன முட்டாயி?"

ஏலம் அதோடு முடிந்தது. பூஜ்யத்துக்குக் கீழே கேட்க ஆளில்லை.

சார் பெட்டியை மரியாதையாக ஆச்சியிடம் நீட்டினார். ஆச்சி ஒரு கமர்கட்டை எடுத்துப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டில் போட்டார். சத்தமே வரவில்லை. எடுத்துக் கன்னத்தில் அடக்கினார். பல் இல்லாத வாய்க்குக் கமர்கட்டு ஒரு பொருட்டே இல்லை. ஆச்சி அவசரமில்லாமல் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். கேப் மாட்டிய பல்லோடு சார் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாகு பதம் தப்பிப்போச்சு" என்றார் ஆச்சி. "தேங்கா வாசமே இல்ல. இது என்னத்த முட்டாயி?"

"அப்படியெல்லாம் இல்ல ஆச்சி" என்று அவசரமாகக் குனிந்தார் சார். "இப்பவும் நல்லாத்தான் பண்றாங்க. சுத்தமான நாட்டு வெல்லம். இதோ, பாக்கெட்லயே போட்டிருக்கு பாருங்க."