விசாரணை அம்மாள்

பொருளாதார சாஸ்திரம் எழுதியவர்கள் உலகத்தாரை வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் என்று இரண்டே வகுப்பாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போய்விட்டார்கள். வாங்காமலும் விற்காமலும், விலையை மாத்திரம் கேட்டறிந்துகொண்டு பரம திருப்தியோடு வீடு திரும்புகிற மூன்றாம் வகுப்பு ஒன்று உண்டென்பதும், அவ்வகுப்பார் இல்லாவிட்டால் முதல் வகுப்பார் தொட்டதற்கெல்லாம் ஏமாந்தே காலந்தள்ள நேரும் என்பதும் அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால், எங்கள் மாத்தூரில் அவ்வகுப்பின் சர்வ லட்சணங்களும் பொருந்தி விளங்கும் அம்மாளைக் குறித்து ஓர் அத்தியாயமாவது எழுதாமல் விட்டிருக்கமாட்டார்கள். அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் வழங்குவது விசாரணை அம்மாள் என்பதே.

ஆழ்துளைக் கிணறு போட அடிக்கு என்ன, பல் வைத்தியரிடம் வேர் சிகிச்சைக்கு என்ன, காது குத்து மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை என்ன, அதில் ஜெனரேட்டர் சேர்த்தா சேர்க்காமலா என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வீட்டில் கிணறு இல்லை. பற்கள் முப்பத்திரண்டும் திடமாக இருக்கின்றன. காது குத்தவேண்டிய குழந்தைகளும் இல்லை. பயன் கருதாமல் ஞானத்தை ஞானத்துக்காகவே தேடுவது ரிஷிகளின் இயல்பு என்பார்கள். ரிஷிகள் வனத்தில் தேடினார்கள். அம்மாள் மணலியிலிருந்து மாதவரம் வரை பஸ்ஸில் போய்த் தேடுகிறார், அவ்வளவுதான் பேதம்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணிமையின் விலையில் சிரத்தை பிறந்தது ஓர் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில். ஒன்றுவிட்ட தங்கையின் மகள் மேடையில் நிமிர்ந்து பார்த்தபோது, அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவருக்கும் வாய்த்திராத நீண்ட, கருத்த, மேல்நோக்கி வளைந்த இமை ரோமங்கள் அவள் கண்களில் அடர்ந்திருக்கக் கண்டு, அம்மாள் பந்திக்குக்கூடப் போகாமல் மேடையேறிவிட்டார்.

“இன்னாடி பண்ண கண்ணுக்கு?”

“ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், பெரிம்மா.”

“எவ்ளோ ஆச்சி?”

“சும்மா, கம்மிதான்.”

கம்மி! எண் ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் இப்படி ஒரு சொல்லை வைத்து மழுப்புவதை விசாரணை அம்மாள் குடும்பத் துரோகமாகவே கருதுபவர். அன்று அவர் சாப்பிட்டது பாயசம் மாத்திரம். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கைப்பையும் குடையுமாகப் புறப்பட்டுவிட்டார்.

நம் ஊரின் தன்மையையும் இங்கே சற்றுச் சொல்லவேண்டும். மாத்தூர், பெருநகர வளர்ச்சிக் குழுமத்தார் மனை பிரித்துக் கொடுத்து உண்டான குடியிருப்பு. குழுமத்தின் ஆங்கிலப் பெயரில் மெட்ராஸ் போய்ச் சென்னை வந்து வெகுகாலமாகியும், இன்றைக்கும் எம்.எம்.டி.ஏ. மாத்தூர் என்றால்தான் ஆட்டோக்காரருக்கு விளங்கும். 2011இல் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். கிழக்கே, 1969 முதல் கச்சா எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் மணலிச் சுத்திகரிப்பு ஆலை. மேற்கே மாதவரத்துப் பால் பண்ணை. இரண்டுக்கும் நடுவே, துறைமுகத்தை நோக்கி இரவு பகலாகப் போகும் கன்டெய்னர் லாரிகளும் அவை கிளப்பும் புழுதியும். இந்தப் பிரதேசத்துப் பெண்கள் சிருங்கார விஷயத்தில் புருவம் திருத்துவதற்குமேல் போவதில்லை என்றிருந்த காலம் மறைந்து, இப்போது தெருவுக்கு ஒரு பியூட்டி பார்லர் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அம்மாள் விசாரிக்கும் முறை காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிற முறையேதான்: முதல் கடையில் விலையைக் கேட்டு அதிர்ச்சியடைவது, இரண்டாவது கடையில் முதல் கடையின் விலையைக் குறைத்துச் சொல்வது, மூன்றாவது கடையில் சரக்கின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது. மாத்தூரில் தொடங்கி, தண்டையார்ப்பேட்டை, ராயபுரம், புரசைவாக்கம் என்று முன்னேறி, அண்ணா நகரையும் நுங்கம்பாக்கத்தையும் எட்டிய அந்த திக்விஜயத்தில் அவர் கண்டறிந்தது, சென்னையில் இந்த வேலைக்குச் சுமார் 1,500 ரூபாயிலிருந்து 6,000, 7,000 வரைக்கும் கேட்கிறார்கள் என்பதும், எந்தக் கடையாரும் முதல் கேள்விக்கு நேரான பதில் சொல்வதில்லை என்பதுமாகும். “உங்களுக்கு எந்த லுக் வேணும்னு சொல்லுங்க, ஆன்ட்டி” என்பார்கள். அல்லது ஒரு தொகையைச் சொல்லி, அதன் பின்னால் “ஸ்டார்ட்டிங்” என்று ஒரு வாலை ஒட்டிவிடுவார்கள். கேட்கிறவளின் புடவையையும் செருப்பையும் ஒரு தடவை பார்த்த பிறகே அந்த வால் எவ்வளவு நீளும் என்பது நிச்சயமாகிறது என்று அம்மாள் அபிப்பிராயப்படுகிறார். ஆகையால் நுங்கம்பாக்கத்துக்கு வேண்டுமென்றே பழைய செருப்பில்தான் போனாராம். (ஆன்ட்டி என்று அழைத்த கடைகளை அவர் குறிப்பேட்டில் தனியாகக் குறித்திருப்பது வேறு விஷயம்.)

ஆனாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடுகிறவரா? கிளாசிக் என்றால் ஒரு சொந்த ரோமத்தின்மேல் ஒரு செயற்கை ரோமம். வால்யூம் என்றால் ஒன்றின்மேல் மிக மெல்லியவை நாலைந்தைச் சேர்த்து விரித்து ஒட்டுவது. இரண்டையும் கலந்தால் ஹைபிரிட். மிங்க் என்று பெரும்பாலான கடைகள் சொல்வது அந்தப் பிராணியின் ரோமமே அன்று, பாலியெஸ்டர் வகையில் சேர்ந்த செயற்கை இழை. இவ்வளவும் ஒரே வாரத்தில் அவருக்குச் சித்தியாயின. மேலிமை ஒன்றில் இயற்கையாகவே நூறு, நூற்றைம்பது ரோமங்கள் இருப்பதையும், ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிரித்து ஒட்டவேண்டியிருப்பதால் இரண்டு மணி நேரம், வால்யூம் என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகிறதென்பதையும் கேட்டறிந்து, அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “கண்ணுக்கு நூறு, ரெண்டு கண்ணுக்கு இருநூறு, ரெண்டாயிரம் ரூபான்னா ஒரு முடி பத்து ரூபா. ஏம்மா, தலைக்கு வெக்கிற சவுரியே இந்த ரேட்டு இல்லியே!”

சவுரி உதிர்வதில்லை; இமை உதிர்கிறது. அங்கேதான் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. மனிதர் இமையில் நாள்தோறும் சில ரோமங்கள் தாமாகவே கழன்று விழுந்து புதியவை முளைப்பது பிரகிருதி தர்மம். சொந்த ரோமம் விழும்போது அதன்மேல் சவாரி செய்யும் பத்து ரூபாயும் கூடவே விழும். ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கொரு தரம் ரீஃபில் என்று ஒன்று செய்துகொள்ளவேண்டும்; அதற்கு ஏறக்குறைய பாதி விலை; நாள் தவறிப் போனால் மறுபடி முழு விலை; வேண்டாமென்று எடுத்துவிடுவதற்கும் தனியாகச் சில நூறு. மூன்று வாரத்துக்கு ஆயிரம் வீதம் வருஷத்துக்குப் பதினேழு ரீஃபில், முதலோடு சேர்த்து 19,000 ரூபாய் என்று அம்மாள் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். “இதுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம். ஃபிரிட்ஜு உதிராது.”

அங்ஙனம் கண்டனம் செய்தாரேயொழிய, கடைக்காரப் பெண்களின் பட்சத்தில் உள்ள நியாயத்தையும் அவர் மறைத்ததில்லை. ஒட்டும் பசை சயனோஅக்ரிலேட் என்னும் ரசாயன வர்க்கத்தைச் சேர்ந்தது. 1942இல் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடப் போய், தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்கிற இந்த வஸ்து அகப்பட, உபயோகமற்றதென்று ஒதுக்கிவிட்டாராம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஃபெவிக்விக் அதன் நெருங்கிய பங்காளி. ஆயினும் பங்காளியைக் கண்ணருகே விடலாகாது. இமைக்கென்று தயாரிப்பது வேறு. அதையும் முந்தைய நாளே சிறிது தடவி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒட்டவேண்டும். காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகும் குணம் அதற்கு. கடற்காற்று வீசும் வடசென்னையில் அது இடுக்கியிலிருந்து இமைக்குப் போவதற்குள் அவசரப்பட்டு இறுகிவிடுமாதலால், அறையில் ஏ.சி.யும் ஈரப்பதம் காட்டும் கருவியும் வைத்துக் காபந்து செய்யவேண்டியிருக்கிறது. திறந்த பசைச் சீசா ஒன்றிரண்டு மாதத்துக்குமேல் தாங்காது. “பாவம், கரண்டு பில்லு அதுங்க தலையிலதானே!” என்பார் அம்மாள்.

வரி விஷயத்தில் மாத்திரம் அவர் கருணை காட்டுவதில்லை. அழகுநிலையச் சேவைகளின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்ததைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “ரெண்டாயிரத்துக்கு முன்னூத்தி அறுபது போட்டீங்க, இப்ப நூறுதானே போடணும்?” என்று கடை கடையாக ஏறி இறங்கினார். உள்ளீட்டு வரிக் கழிவு இனிக் கிடையாதாகையால் அடிப்படை விலையையே சற்று உயர்த்தும்படியாயிற்று என்று அண்ணா நகரில் ஒரு மேலாளர் விநயமாக விளக்கினார். மாத்தூர்க் கடையில் பில்லே கிடையாதாகையால் அங்கே இந்த விவாதம் எழவில்லை.

விலை வர வர அதன் சரித்திரமும் கூட வந்து சேர்ந்தது. 1916இல் கிரிஃபித் என்னும் அமெரிக்க டைரக்டர் தம் படத்து நடிகையின் கண்கள் பெரிதாகத் தெரியவேண்டுமென்று மனித ரோமத்தை மெல்லிய துணியில் கோத்து இமையில் ஒட்டச் செய்ததும், நம் கறுப்பு வெள்ளைப் படங்களின் கதாநாயகிகள் பட்டை இமை ஒட்டிக்கொண்டு அழுததும், அந்தப் பட்டை இன்றைக்கும் பாரிமுனைப் பக்கத்து ஃபேன்ஸிக் கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைப்பதும் அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒட்டிக்கொள்ள 100 டாலரிலிருந்து 300 டாலர் வரை ஆகுமென்பதையும், அதற்குமேல் டிப்ஸ் தனியென்பதையும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கொண்டு வாட்ஸ்அப்பில் விசாரித்து வைத்திருக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் புழுதியைப் பற்றிச் சொல்லும் வாதம். 2015இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருபத்திரண்டு வகைப் பாலூட்டிகளின் இமைகளை அளந்து, ரோமத்தின் நீளம் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால்தான் காற்றும் தூசியும் கண்ணில் படாமல் விலகும், அதற்குமேல் நீண்டால் காற்றைக் கண்ணுக்குள்ளேயே திருப்பிவிடும் என்று கண்டார்கள். இதை நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே அம்மாள், “அப்ப அண்ணா நகர்ல ஒட்டிக்கிறவளவிட மணலி ரோட்டுல ஒட்டிக்கிறவளுக்குக் கம்மியாத்தானே வாங்கணும்? கஷ்டம் ஜாஸ்தியாச்சே!” என்றார். எந்தச் சாஸ்திரத்தையும் விலையில் கொண்டுவந்து சேர்த்துவிடும் இந்த ஆற்றல் சாமானியமன்று.

இவ்வளவும் கற்றவர் தாமே ஒரு முறை ஒட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்டும் பார்த்தார்கள். ராயபுரத்துக் கடையொன்றில், முதல் வாடிக்கையாளர் என்று சொல்லிப் பாதி விலைக்கே செய்து தருவதாகக் கூப்பிட்டார்களாம். அம்மாள் படுக்கை வரைக்கும் போய்விட்டார். கீழிமையில் ஜெல் பட்டை ஒட்டுவோம், இரண்டு மணி நேரம் கண்ணைத் திறக்கலாகாது என்றார்கள், சம்மதித்தார். எண்ணெய் கலந்த பொருள் எதுவும் கண்ணருகே படலாகாது என்றார்கள், அதற்கும் சம்மதித்தார். பேசினால் இமை துடிக்கும், ஆகையால் வேலை முடியும் வரைக்கும் பேசாமல் படுத்திருக்கவேண்டும் என்றார்கள். தமயந்தியின் சுயம்வரத்தில் நளன் உருவெடுத்து வந்த தேவர்கள் இமையாதிருந்தே அகப்பட்டுக்கொண்டதாகக் கதை. அம்மாளோ இமையை ஆட்டாமல் கிடப்பார், நாவை ஆட்டாமல் கிடப்பது அவருடைய சக்திக்கு அப்பாற்பட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்துப் படுக்கையில் கிடந்த பெண் எவ்வளவு கொடுத்தாள் என்பதை மாத்திரம் வரும் வழியில் கேட்டுக்கொண்டார்.

இதனால் அவர் பெருமை குறையவில்லை. கலியாணம் நிச்சயமான வீட்டார் நகைக்கடைக்குப் போகுமுன் இவரிடம் வருகிறார்கள். “முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முந்தி போடு, அன்னிக்கே போட்டு அழுகைத் தண்ணி பட்டா நாஸ்தியாயிடும்” என்பது போன்ற ஆலோசனைகளை அவர் இலவசமாகவே வழங்குகிறார். தமக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதை வந்து சொல்லவேண்டும் என்ற ஒரே நிபந்தனையின்பேரில்.

சென்ற மாதம் எங்கள் தெரு பார்லர்க்கார அக்காள் இமை ஒட்டும் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டு, பலகையில் என்ன விலை எழுதுவது என்று தெரியாமல், நேரே விசாரணை அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாள் குறிப்பேட்டைப் பிரித்து, மாதவரத்தையும் தண்டையார்ப்பேட்டையையும் ஒப்புநோக்கி, வாடகை, மின்சாரம், லாரிப் புழுதி அனைத்தையும் கணித்து, கிளாசிக் 1,800, மூன்று வாரத்துக்குள் ரீஃபில் 900, எடுத்துவிட 300 என்று நிதானமாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டு போய் அன்றைக்கே ஃபிளெக்ஸ் அடித்து மாட்டினார். மறுநாள் மாலை அம்மாள் அந்தப் பலகையின் எதிரே போய் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை வாசித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“இன்னாம்மா இது, ஆயிரத்தி எண்ணூறா? ரொம்ப அநியாயமா இருக்கே.”

“நீங்க சொன்னதுதானே, யக்கா!”

“நான் சொன்னது விலை. இப்ப கேக்கறது கஸ்டமரு. கொறச்சிச் சொல்லு.”

பார்லர்க்கார அக்காள் திகைத்து நின்று, பிறகு ஒருவாறு தேறி, ஆயிரத்து அறுநூறு வரைக்கும் இறங்கி வந்தார். அம்மாள் அதைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, “சரி, இன்னும் ரெண்டு எடத்துல விசாரிச்சிட்டு வரேன்” என்று சொல்லிப் புறப்பட்டார்.