ஓநாய்க்கு யார் கறி போடுவது?

கேள்வி: கற்பனைக் கதைகளில் ஓநாய், டிராகன் என்று ஏறிச் சவாரி போகிறார்களே, அதுகளுக்குத் தீனி எப்படிக் கட்டுப்படியாகிறது?

பதில்: கட்டுப்படியாகாது. அதனால்தான் பல கதாசிரியர்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை! 2002-ல் வந்த ‘த டூ டவர்ஸ்’ படத்தில் ஓர்க் என்ற அரக்கர்கள் வார்க் என்ற ராட்சத ஓநாய்கள் மேல் ஏறிப் பாய்ந்து வருகிறார்கள். பின்னால் ஓர் ஆட்டு மந்தையாவது வரவேண்டாமா? குதிரை என்றால் வழியோரப் புல்லை மேய்ந்து சமாளிக்கும். சிங்கத்துக்கே நாளுக்குச் சராசரியாக 5 முதல் 7 கிலோ இறைச்சி வேண்டும். அந்தக் கணக்கில் 500 வார்க் கொண்ட படைக்குத் தினம் 3 டன் கறி. ஆட்டுக்கு 15 கிலோ தேறினாலும் 200 ஆடு. ஒரு வேளை தவறினால், முதுகில் உட்கார்ந்திருப்பவரும் கறிதான்!

இதை ஒழுங்காக யோசித்தவர் ஆன் மெக்காஃப்ரி. 1968-ல் வந்த ‘டிராகன்ஃப்ளைட்’ நாவலில், டிராகன்களுக்காக ஊர்மக்கள் கால்நடையாகவும் தானியமாகவும் வரி கட்டுகிறார்கள். டிராகன்கள் தடுக்க வேண்டிய, வானிலிருந்து விழும் ஆபத்து 400 ஆண்டுகளாக வராததால், ‘இதுகளுக்கு எதற்குத் தண்டச்சோறு’ என்று முணுமுணுப்பு வேறு. நிஜமான அரசாங்கம்!

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் டிராகன் சுட்டுத் தின்ற ஆடுகளுக்கு, மூன்று டிராகன் வளர்க்கும் அரசி டெனேரிஸ் மூன்று மடங்கு விலை தருகிறார். அடுத்து ஒருவர், டிராகன் எரித்துக் கொன்ற தன் மகளின் எலும்பைக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டு டிராகன்களுக்குச் சங்கிலி. மூன்றாவது அகப்படவில்லை. பிறகு அவர் ஏறிப் பறப்பது அதன் மேல்தான்.