கலங்கல்ல முங்கற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்புடி ஒக்காரு. தலையத் தொவட்டு மொதல்ல. காதுல மணலு, மூக்குல மணலு, வாயத் தொறந்தா அதுலயும் மணலுதான் வரும்போல. பெங்களூருலேருந்து ஆழம் பாக்க வந்த புள்ள, தேவனாம்பட்டினம் கரையோரத்துலயே பாதி சாமானைத் தானம் பண்ணிட்டு வந்திருக்கான்னு நீ வர்றதுக்கு முன்னாடியே மஞ்சக்குப்பம் மைதானத்துக்குச் சேதி வந்துடுச்சி. எனக்கொண்ணும் வருத்தமில்ல. மாசி மகத்துக்குச் சாமியோட சேந்து முங்கற சனம் மோதிரம், கொலுசுன்னு போட்டுட்டுப் போவுது. நீ மார்கழியிலயே போட்டுட்ட. முன்பணம்னு எழுதிக்குவாங்க.

என்னென்ன போச்சி, மறைக்காம சொல்லு. மூஞ்சிக் கண்ணாடி. ஒத்தக் கால் துடுப்பு. காமிரா. அவ்ளோதானா? சிநேகிதனையும் காணோம்னு நீ தண்ணிக்குள்ள தடவிக்கிட்டு இருந்தியாம், அவன் கரையில சுண்டல் துன்னுக்கிட்டு ஒன்னத் தேடிக்கிட்டு இருந்தானாம். அந்தக் கதைக்கு அப்பறம் வரன்.

தண்ணி ஏன் ஒண்ணுமே தெரியலன்னு கேக்கற பாரு, அதான் எனக்குச் சிரிப்பு. வடக்கால தாழங்குடாவுல தென்பெண்ணை வுழுது. இந்தாண்ட கெடிலம். தெக்கால உப்பனாறு, பரவனாறு. நாலு பக்கத்து வண்டலும் நம்ம வாசல்லதான் வந்து கொட்டுது. அதுலயும் தென்பெண்ணை எங்க பொறக்குது தெரியுமா? ஒங்க ஊரு நந்தி மலைப் பக்கம். ஒங்க பெல்லந்தூர் ஏரி வடியறதும் அந்த ஆத்துலதான். ஒங்க ஊரு அழுக்கு நீ ரயிலேர்றதுக்கு முன்னாடியே பொறப்பட்டு வந்து ஒன் கண்ணை மறைக்கக் காத்திருக்கு. நாங்க என்னப்பா பண்ணுவோம்? 2024 டிசம்பர் 2 விடியக்காலம் சாத்தனூர் அணையில நொடிக்கு 1,68,000 கன அடி தொறந்து வுட்டாங்களே, அன்னைக்கு இந்தக் கரையில நின்னு பாத்திருந்தா கடலையே தேடிக் கண்டுபுடிக்கணும். மழைக்காலம் முடிஞ்சி, காத்து அடங்கி, மாசி பங்குனியில வாடா, ஏதோ தெரியும். இல்ல, பாண்டிச்சேரியில முங்கறவங்களாட்டம் படகேறித் தூரமாப் போ. அவங்க என்ன, கரையில எறங்கத் தெரியாதவங்களா? நம்ம கரையில ஓயாம அலை ஒடையுது. ஒடையற எடத்துல மணலு எழும்பிக்கிட்டே இருக்கும். கட்டுமரம் வெச்சிருந்தவன் அந்த அலையத் தாண்டறதுக்குத்தான் மரத்தைக் கயித்தால பொத்திக் கட்டினான்.

நீ என்ன கட்டின? மூஞ்சிக் கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சிக்கிட்டு, அலைக்கு முதுகைக் காட்டி நின்னு, படம் புடிச்சிருக்க. அடடா! இனிமேயும் அப்புடியே நில்லு. அலை கையேந்தக்கூட வேணாம், நீயே குடுத்துடுவ. எதுக்கும் கேட்டு வெச்சிக்க: கண்ணாடியக் கழுத்துல எறக்கி வுடறது ஒண்ணு. துடுப்பை மாட்டற வரைக்கும் வாரைக் கையில கோத்துக்கறது ஒண்ணு. காமிராவுக்கு ஒரு கயிறு, கயித்துல ஒரு மிதவை. இதையெல்லாம் மணல்ல ஒக்காந்து செஞ்சிருக்கணும். ஒன் காமிரா தண்ணியில போவல தம்பி, கரையில முடிச்சிப் போடாதப்பவே போயிடுச்சி. கடலு அதை எடுத்து வெச்சிக்கிச்சி, அவ்ளோதான்.

ஈயக் கட்டிய இடுப்புல கட்டியிருந்தியாமே? இது அப்பர் கரையேறின ஊருடா. பல்லவராசா அவரைக் கல்லுல கட்டிக் கடல்ல தள்ளினான், கல்லே தெப்பமா மெதந்து திருப்பாதிரிப்புலியூருக்குக் கொண்டாந்து வுட்டுச்சின்னு சொல்லுவாங்க. கரையேறவிட்டகுப்பம்னு பேரே இருக்கு. நீ என்னடான்னா காசு குடுத்துக் கட்டிக்கிட்டு முழுவப் போற. தப்பில்ல. ஆனா அவருக்கு அஞ்செழுத்து இருந்துச்சி, ஒனக்கு ஒரு கொக்கிதான். அத மட்டும் வேற எதோடயும் சேத்துக் கட்டாத. ஒரே இழுப்புல கழண்டு வுழணும். மத்ததெல்லாம் தொலைஞ்சா திட்டுவன். ஈயம் தொலைஞ்சி நீ மேல வந்தா, காசு நான் குடுக்கறன்.

சின்னதா ஒரு கத்தியும் வெச்சிக்க. மீன் வெட்ட இல்ல. அறுந்து போன தங்கூசி வலை அடியில கெடக்கும். தெளிஞ்ச தண்ணியிலயே கண்ணுக்குத் தெரியாது, கலங்கல்ல காலுல சுத்தினப்பறம்தான் தெரியும்.

டார்ச்சு கொண்டாந்திருந்தியே, அடிச்சியா? அடிச்சதும் வெள்ளையா மூடிக்கிச்சா? மார்கழிப் பனியில பெரிய வெளக்கைப் போட்டுக்கிட்டு பஸ் ஓட்டறவன் கதிதான். வெளிச்சத்தை நேரா நீட்டாம பக்கவாட்டுல புடிச்சா துளி தேவலை. செவப்பு வாரு போட்டிருந்தா அதுவும் வீண். தண்ணிக்குள்ள மொதல்ல சாவறது செவப்புத்தான், கொஞ்ச ஆழத்துலயே கருப்பாயிடும். அடியில காலை வெச்சிப் பொகை கெளப்பினா, இருந்த கொஞ்சப் பார்வையும் போச்சி.

போன சாமானைத் தேடணும்னா இப்பக் கேட்டு என்ன பிரயோசனம்? போன நிமிஷமே ஒரு கல்லுல மிதவையக் கட்டி அங்கியே போட்டிருக்கணும். கரையில ரெண்டு அடையாளத்தை மனசுல வெச்சிருக்கணும். அப்பறம் அந்தக் கல்லுல கயித்தைக் கட்டி, நுனியப் புடிச்சிக்கிட்டு வட்டமடிக்கணும். ஒரு சுத்து ஆனதும் ஒரு கை நீளம் வுட்டு அடுத்த சுத்து. கண்ணை நம்பாத, கையால தடவு. நீ கண்ட எடத்துல எல்லாம் முங்கி முங்கிப் பாத்திருக்க, ஒரே எடத்தையே திரும்பத் திரும்பத் தேடியிருப்ப. லேசான சாமானா இருந்தா நீரோட்டத்தைக் கேளு. கோடையிலே இந்தக் கரையில மணலே வடக்கால நகரும், மழைக்காலத்துல தெக்கால. கனமான சாமானா இருந்தா எங்கியும் போவாது; அலை அதுக்கடியில மணலை அரிச்சி அரிச்சி உள்ள எறக்கிடும். நீ அதுமேலயே நின்னு தேடியிருப்ப.

மொகத்தைத் தூக்கி வெச்சிக்காத. பெரிய மனுசனெல்லாம் இங்க தொலைச்சிருக்கான். 1690ல இங்கிலீசுக்காரன் தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கினப்ப, பீரங்கி குண்டு எதுவரைக்கும் போயி வுழுதோ அதுவரைக்கும் அவனுக்குன்னு பேச்சு. சும்மா வுடுவானா? குண்டு வுழுந்த ஊரையெல்லாம் எடுத்துக்கிட்டான், குண்டு கிராமம்னே பேரு. நெலத்தை அப்புடி வாங்கினவன், 1749 ஏப்ரல் புயல்ல என்ன குடுத்தான் தெரியுமா? பாஸ்கவன்னு தளபதி. முந்துன வருசம் பாண்டிச்சேரிய முத்துகை போட்டுப் புடிக்க முடியாமத் திரும்பினவன். அவனோட கொடிக்கப்பல் நமூரு, 74 பீரங்கி, கோட்டைக்குக் கிட்டவே முழுவிச்சி. ஐநூறு பேருக்கு மேல செத்தாங்க. பெம்புரோக்குன்னு இன்னொரு போர்க்கப்பலும் அதே புயல்ல போச்சி. பாஸ்கவன் கரையில இருந்தான், பொழைச்சான். அவன் தொலைச்சதுக்கு முன்னாடி ஒன் துடுப்பு எந்த மூலைக்கு?

இப்ப அந்தச் சிநேகிதன் கதைக்கு வருவம். கலங்கல்ல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டா, ஒரு நிமிஷம் சுத்திப் பாக்கணும், இல்லன்னா மேல வந்துடணும், அவனும் மேல வருவான். அதான் ஒங்க படிப்புலயே இருக்காமே. நீ ஏண்டா அடியிலயே கெடந்த? காமிராவைத் தேடினேன்னு சொல்ற. அப்ப சிநேகிதன் போனதே ஒனக்கு ரெண்டாவதுதான்.

மன்னார்க் கடல்ல முத்துக் குளிச்சவன் காலுல கல்லைக் கட்டிக்கிட்டு எறங்குவான். மேல தோணியில கயித்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கறது யாரு? பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன், மச்சான். அப்பன்கிட்ட குடுக்க மாட்டான், அண்ணன் தம்பிகிட்டயும் குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. தங்கச்சி தாலிய நெனைச்சாவது கயித்தை வுடாம புடிப்பான்ல. ஒரே பாயில படுத்த சிநேகிதனா இருந்தாலும் சுண்டல் வாசனை வந்தா வுட்டுட்டுப் போயிடுவான், பாத்தியா?

அதனால ஒங்கப்பன்கிட்ட பேசிட்டன். பண்ருட்டிப் பக்கம் ஒரு எடம் இருக்கு. பொண்ணுக்கு அண்ணனுங்க ரெண்டு பேரு. நீச்சல் தெரியாது. ஆனா பலா மரத்துமேலேருந்து முப்பது கிலோ பழத்தைக் கீறல் வுழாம கயித்துல எறக்கற பயலுவ. ஞாயித்துக்கெழம வராங்க, சட்டைய மாத்திக்கிட்டு ஒழுங்கா வந்து ஒக்காரு.