மானியம் வாங்கப் போற மாப்பிள்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. கையில ஃபைலு, பையில ரெண்டு பேனா. செக்கு போடப் போறேன்னு திருச்சுழி வரைக்கும் சொல்லிட்டியாமே. எள்ளுக்கு எங்க போவேன்னு கேட்டா மட்டும் முழிக்கிற. கவலைய விடு. திட்ட அறிக்கை டைப் அடிக்கிறவரே ‘மூலப்பொருள் உள்ளூரில் தாராளம்’னு போட்டுருவாரு. நம்ம மானாவாரிக் கரிசல்ல மழை பொய்க்கலாம், அறிக்கையில பொய்க்காது.

மொதல்ல எடத்தச் சொல்லு. அருப்புக்கோட்டை நகராட்சிக்கு உள்ளயா, வெளியவா? தொழில் தொடங்கக் கடனும் மானியமும் தர்ற பி.எம்.இ.ஜி.பி.ங்கிற மத்திய அரசுத் திட்டம் 2008-ல வந்தது. 2022-ல திருத்துன கணக்குப்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் திட்டம் போடலாம். நீ பிற்பட்ட வகுப்பு. டவுனுக்குள்ள செக்கப் போட்டா நூத்துக்கு 25 மானியம். ஊராட்சிக்குள்ள போட்டா 35. பத்து லட்ச ரூவா செக்குக்கு ஒரு லட்சம் வித்தியாசம். அந்த லட்சத்த உன் சாமர்த்தியமா தீர்மானிக்குது? நகராட்சி எல்லைக்கல்லு தீர்மானிக்குது. ‘ஆமா, இது கிராமந்தான்’னு சான்று வாங்கிக்கோ. நம்ம உள்ளூர் ஆட்சிக்கு இதுல உள்ள சோலி அம்புட்டுத்தான். காசு டெல்லியில இருந்து வருது, அதுவும் கதர்க் கமிஷன் வழியா. ராட்டைக்குப் பொறந்த ஆபீசு, உன் செக்கையும் சேத்துச் சுத்துது.

முந்தியெல்லாம் கலெக்டர் தலைமையில ஒரு குழு இருந்துச்சு. வெள்ளச் சட்ட போட்டுப் போயி நாலு கேள்விக்குப் பதில் சொல்லணும். தாமதமாகுதுன்னு 2020-ல அந்தக் குழுவோட வேலைய எடுத்துட்டாக. இப்ப மாவட்டத் தொழில் மையமே மனுவப் பாத்து நேரா பேங்குக்கு அனுப்பிருது. குழு ஒழிஞ்சதுன்னு குதிக்காத. மேனேசரு ஒத்த ஆளே குழுதான் இனிமே. தொழில் மையம் சிபாரிசுதான் பண்ணும். கடன் குடுக்கிறது அவரு, கடன் இல்லாட்டி மானியமும் இல்ல. இந்த அளவுச் சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அத நீ வாயத் தொறந்து சொல்லிராத. வெவரம் தெரிஞ்ச கடன்காரன் யாருக்குப் பிடிக்கும்? அந்தச் சுற்றறிக்கைய ஃபைலுக்குள்ள தெரியுற மாதிரி வையி, போதும்.

இன்னொண்ணு. மானியம்னதும் நோட்டு எண்ணுற மாதிரி கைய வச்சுக்கிட்டு நிக்காத. பத்து லட்சத்துல உன் காசு அம்பதாயிரம். மிச்சம் ஒம்பதரை லட்சம் கடன். மானியம் மூணரை லட்சம் அதே பேங்குல உன் கணக்குல மூணு வருசம் பூட்டிக் கெடக்கும். அதுக்கு வட்டியும் வராது, கடன்ல அம்புட்டுத் தொகைக்கு வட்டியும் போடமாட்டாக. எலையப் போட்டுட்டு, ‘மூணு வருசம் பசி தாங்குனவனுக்குத்தான் சோறு’ன்னு சொல்ற பந்தி இது. அதுக்குள்ள செக்கு நின்னா, அம்புட்டுத்தான்.

நீ மட்டுமா மனுப் போடுற? சாத்தூர்ப் பக்கம் இ.குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல ஜவுளிப் பூங்கான்னு 2023-ல அறிவிச்சாகளே, அந்த மாதிரிப் பூங்கா வேணும்னு நாடு முழுக்க 13 மாநிலங்க 18 மனுப் போட்டுச்சு, ஏழுதான் தேறுச்சு. அரசாங்கமே அரசாங்கத்துக்கிட்ட மார்க் வாங்க வரிசையில நின்னிருக்கு! என்ன, அவுகளுக்கு முன்னாடி சிவப்புக் கம்பளம் விரிப்பாக. உன்னை ‘நாளைக்கு வா’ம்பாக. பெரிய கம்பெனிக்குன்னா சலுகைத் தொகுப்பத் தனியாத் தச்சுக் குடுப்பாக. உனக்கு ரெடிமேடு.

எனக்குப் புடிச்ச மானியம் ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள. நம்ம டவுனுத் தறிக்காரக வாங்குறாகளே, கரண்டு. 2006-ல விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டு ஓசி, 2023-ல ஆயிரமாச்சு. கைத்தறிக்கு 300. அதுல நேர்காணல் உண்டா, மேனேசர் மொகம் பாக்கணுமா? தறி ஓடுனா மீட்டரு ஓடும். யாரு மச்சான், யாரு மாமன்னு மீட்டருக்குத் தெரியாது.

செக்குக்கு அப்படி ஒரு மீட்டர் இல்லையேன்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. மொதல்ல அந்த அம்பதாயிரத்துக்கு வழி பாரு. எங்கிட்ட ஏது காசு? உங்க அத்தைக்கிட்ட இருக்கு, கேட்டுப் பாரு. அவ குழுவுல நான் உறுப்பினர் இல்ல.